மதகைத் திறந்த மாவீரர்

"பூட்டை உடைச்சது நான்தான் மாமா. வேலை போயிடுமா?"

விவசாயிகள் சங்கத் தலைவர் கண்ணாடி முன்னால் நின்று மீசையைச் சீவிக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர் பேட்டி எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

சங்க அலுவலகத்தின் ஒரு சுவர் புகையில் கறுத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, குளம்பு வெந்துபோன மாடுகளுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார்கள். மலைச்சரிவில் பற்றிய காட்டுத்தீ மேட்டுத் தோட்டங்களையும் வைக்கோல் போர்களையும் தின்றுவிட்டு, வீடுகளுக்கு முன்னால் வந்து அடங்கிப்போனது. காரணம், யாரோ ஏரி மதகைத் திறந்து, கீழ்வயல் முழுவதையும் தண்ணீரில் நிறுத்தியிருந்தார்கள்.

அந்த யாரோதான் இப்போது சுவரோரம் கடப்பாரையைச் சாய்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மதகுக் காவலுக்குத் தற்காலிகமாகப் போட்டிருந்த பெண். தலைவருக்குத் தூரத்து உறவு. சங்கத் தேர்தல் சமயத்தில் மட்டும் கிட்டத்து உறவு.

"சாவி அதிகாரிகிட்ட இருக்கு. போன் போட்டா எடுக்கல. வேற வழி தெரியாம உடைச்சிட்டேன். டவுனுக்குக் குடிக்க வச்சிருந்த தண்ணி மாமா அது. மதகுல கை வச்சா வேலையும் போகும், கேஸும் போடுவோம்னு சேரும்போதே சொன்னாங்க. எங்க மாட்டுக் கொட்டகையும் எரிஞ்சு போச்சு. இந்தச் சம்பளமும் இல்லைன்னா புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாதே. வாயே திறக்காதே. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீங்க நல்லா இருக்கணும் மாமா."

"அது சரி, மதகைத் திறந்தது யாருன்னு ஜனங்க என்ன பேசிக்கறாங்க?"

"யாரா இருந்தாலும் சிலை வைக்கணும்னு பேசிக்கறாங்க."

தலைவர் சீப்பைக் கீழே வைத்தார். "சிலையா?"

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. காலணியெல்லாம் சாம்பலும், கழுத்தில் கேமராவுமாக ஒருவர் உள்ளே வந்தார்.

"வணக்கம். இந்தத் தீ விஷயமா விசாரிக்கலாம்னு..."

"வாங்க, வாங்க! காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

"எனக்காகவா?" வந்தவர் புருவத்தை உயர்த்தினார். "எங்களை யாரும் இவ்வளவு ஆசையா வரவேற்க மாட்டாங்களே."

"உண்மையைப் பேசறவனுக்கு என்ன பயம்? கேளுங்க!"

வந்தவர் செல்போனில் ரெக்கார்டரைப் போட்டு மேசைமேல் வைத்தார். அதைப் பார்த்ததும் தலைவரின் குரல் தானாகவே மேடையேறிக்கொண்டது.

"மதகு எப்படித் திறந்துச்சு?"

"தானா திறக்கலை சார். திறக்கப்பட்டது. திறந்தது இந்தக் கை!"

தீ எரிந்தபோது அந்தக் கை, டவுனில் மச்சினன் வீட்டு ஏசி அறையில் தலைக்கு அணையாக இருந்தது.

"மாமா..." என்றாள் அவள்.

"நீ போய் டீ போட்டுக் கொண்டா."

"பூட்டுக்குச் சாவி?"

"சாவியாவது பூவாவது! ஊரே எரியும்போது சாவியைத் தேடுவேனா? கடப்பாரையால ஒரே போடு!"

"யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

"என் மனசாட்சிகிட்ட."

"ஏரி காலியாயிடும்னு தெரியுமா?"

"தெரிஞ்சேதான் திறந்தேன். சேறு தெரியற வரைக்கும் மூடலையே!"

"மதகுக் காவலர் தடுக்கலையா?"

டீயோடு வந்தவள் நின்றாள். கொப்புளம் கண்ட உள்ளங்கையில் டம்ளர் சுட்டது. காப்பாற்றச் சொன்னால் களவாடுகிறாரே! வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள். "ஐயா, அது வந்து... நான்தான்..."

தலைவர் பெருந்தன்மையோடு சிரித்தார். "இதுதான் சார் அந்தக் காவல்காரி. பாவம், சட்டம் ரூலுன்னு அழுது என் காலைப் பிடிச்சுக்கிட்டுத் தடுத்துச்சு. நான்தான் அதட்டி வீட்டுக்கு அனுப்பிட்டேன். இப்ப என்னைக் காப்பாத்தறதா நெனச்சு, நான்தான் நான்தான்னு பழியைத் தன்மேல போட்டுக்குது."

"அப்ப இவங்களுக்கு இதுல சம்பந்தமே இல்லை?"

"துளிகூட இல்லை. என் தலைமேல சத்தியம். புகழெல்லாம்... அதாவது, பொறுப்பெல்லாம் எனக்கே."

"நல்லது. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"கடப்பாரையோட எடுங்க!"

தலைவர் கடப்பாரையைச் செங்கோல் போலப் பிடித்து நின்றார். வந்தவர் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்துக்கொண்டார்.

அப்போது தலைவரின் போன் அடித்தது. "தலைவரே, பத்திரிகையிலேர்ந்து பேசறேன். வழி மாறிப் போயிட்டேன். வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

கடப்பாரை மெல்லத் தரைக்கு இறங்கியது. "அப்ப... நீங்க யாரு?"

"நீர்வளத் துறை. மதகை உடைச்ச ஆளைக் கண்டுபிடிச்சுக் கேஸ் போடச் சொல்லி அனுப்பினாங்க. வீடு வீடா அலையணுமேன்னு பயந்துக்கிட்டே வந்தேன்." ரெக்கார்டரை நிறுத்தப் போனவர் அவள் பக்கம் திரும்பினார். "நடுவுல நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களேம்மா?"

தேர்தல் இல்லாத நாளில் முதல்முறையாகத் தலைவர் அவளை உறவோடு பார்த்தார். "சொல்லும்மா, சொல்லு!"

அவள் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்னு நீங்க வர்றதுக்கு முன்னாடியே மாமா சொன்னாருங்க. சொன்ன வாக்குத் தவறாத மனுஷன்னு சொல்ல வந்தேன்."