நாலு ராணி

“அண்ணை, எறியாதேங்கோ!” என்று சுஜீத் கத்தினான். அதற்குள் யேசுரட்ணம் பட்டனை அழுத்திவிட்டார்.

திரையில் இருந்த நாலு ராணியும் போய்விட்டன.

நாலு ராணி! வீடியோ போக்கரில் அப்படி ஒரு கை வர ஆட்கள் தவம் கிடப்பார்கள். ஐந்து சீட்டு வரும். நல்லதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை எறியலாம். இவர் நல்லதை எல்லாம் எறிந்துவிட்டு, ஒன்றுக்கும் உதவாத ஒரு ஜாக்கைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

“உங்களுக்கென்ன விசரே அண்ணை?”

“வீரனை எப்பிடித் தம்பி எறியிறது?” என்றார் யேசுரட்ணம், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாட்டில் ஜாக்தான் வீரன், எல்லாச் சீட்டுக்கும் மேல். ராணி வெறும் குப்பை. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் முந்நூற்றிநாலு என்றால் யேசுரட்ணத்தை அடிக்க ஆளில்லை. சீட்டுத் தெரிந்த மனிசன், எந்த விளையாட்டானால் என்ன என்று நம்பித்தான் அவரையும் கசினோவுக்குக் கூப்பிட்டார்கள். நம்பினவர்களைச் சொல்ல வேண்டும்.

மனைவிமார் பிள்ளைகளோடு பாரிசுக்கு ஒரு சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் போன வார இறுதி அது. சுஜீத்தும் கிருஷாந்தும் கிழக்கு லண்டனில் ஒரு ஹொட்டலில் அறை போட்டார்கள். கீழ்த்தளத்தில் கசினோ. தனிக்கட்டையான யேசுரட்ணம் முதலில், “உந்த இடங்களுக்கு நான் வரேல்லை” என்று நின்றவர்தான். தன் கடையின் பாங்க் காட்டையும் கொண்டுவரப் போவதாகக் கிருஷாந்த் சொன்னதும் என்ன நினைத்தாரோ, “சரி, நானும் வாறன்” என்றார்.

வராமலே இருந்திருக்கலாம்.

மூன்று பேரும் சேர்த்துப் போட்ட காசில் கிருஷாந்த்தான் முதலில் விளையாடினான். எடுத்த எடுப்பில் வெற்றி. அடுத்ததும் வெற்றி. அவன் காது சிவந்துவிட்டது. பக்கத்தில் பெரிய கடை ஒன்று திறந்த நாளிலிருந்து தன் பலசரக்குக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பவன் அவன்.

“எனக்குக் கை வந்திட்டுது!” என்று பாங்க் காட்டை வெளியே எடுத்தான். “திங்கக்கிழமை கட்டிற கடை வாடகை முழுக்க இதுக்குள்ள கிடக்கு. போட்டு ரெண்டு மடங்கா எடுப்பம். இல்லாட்டி அந்தக் கடை இனி எத்தினை நாளைக்கு?”

“முதல்ல கிடக்கிற காசை முடிப்பம். தள்ளு, நான் ஒரு கை பாக்கிறன்” என்று, மூத்தவர் என்ற உரிமையில் கதிரையைப் பிடித்தார் யேசுரட்ணம்.

பிடித்துச் செய்த வேலைதான் இது.

நாலு ராணியோடாவது நின்றாரா? அடுத்த கையில் இரண்டு ஏஸை எறிந்தார். அதற்கடுத்ததில் மூன்று ராசாவை எறிந்தார். எழும்புங்கோ, எழும்புங்கோ என்றால் எழும்பினால்தானே! கிருஷாந்த் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, சேர்த்துப் போட்ட காசு முழுவதும் கரைந்து போனது.

“எல்லாம் முழிவியளம்!” என்று வெடித்தான் கிருஷாந்த். “காலமை இவர்ர முகத்தில முழிச்சனான். வந்த அதிர்ஷ்டத்தையும் கலைச்சுப்போட்டார். இண்டைக்கு இனி என்னத்தைப் போட்டாலும் விளங்காது.”

காட்டைப் பேர்ஸுக்குள் திணித்தான். “இந்தப் பக்கம் இனி என்ர கால் படாது!” என்று ஜக்கெற்றை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

இப்போது சுஜீத்தின் முறை.

“தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை! அவன் பாவம், கடையைக் காப்பாத்த ஒரு வழி கிடைச்சிட்டுது எண்டு எவ்வளவு சந்தோசமா இருந்தவன்!”

யேசுரட்ணம் வாசல் பக்கம் திரும்பினார்.

“முப்பது வருசமா லண்டனில இருக்கிறியள். நேற்று வந்தவனெல்லாம் ஹரோவில வீடு வாங்கிட்டான். நீங்கள் இன்னும் கிருஷாந்தின்ர கடைக்கு மேல ஒரு அறையில வாடகைக்குக் கிடக்கிறியள். ஏனெண்டு இண்டைக்குத்தான் எனக்கு விளங்குது. ராசியில்லாத ஆள் நீங்கள்!”

வயதுக்கு மூத்தவரைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல்தான். ஆனால் நாலு ராணியை எறிந்த மனிதருக்கு மாலையா போட முடியும்?

யேசுரட்ணம் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் காட்டைத் திருப்பி உள்ள வைச்சவன்தானே?”

“வைச்சிட்டான். உங்கட விளையாட்டைப் பாத்தாப் பிறகு ஆருக்குத்தான் போட மனம் வரும்?”

“அது போதும்.”

கதிரையை விட்டு மெல்ல எழும்பினார்.

“எனக்கும் வீடு இருந்தது தம்பி, ஃபாரஸ்ட் கேட்டில. கசினோவுக்குப் போன முதல் நாள் எனக்கும் இப்பிடித்தான் நல்ல கை வந்தது. நான் எறியேல்லை.”