வரல்ல மக்கா

“அக்கா, எனக்கு ஃபேக்ஸ் ஏதும் வந்துச்சா?”

நாலு மணி ஆனதும் சொல்லிவைத்தாற்போல வந்து நின்றான் வேல்சாமி.

“வரல்ல மக்கா” என்றாள் சொர்ணம்மாள், அவன் முகத்தைப் பார்க்காமல். “வந்தா நான் எடுத்து வெக்க மாட்டேனா?”

எடுத்துத்தான் வைத்திருந்தாள். பதினோரு நாளாக அது அவள் முழங்கைக்குக் கீழே, தடித்த டெலிபோன் டைரக்டரிக்குள் மடிந்து கிடந்தது.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் அவளுடைய எஸ்.டி.டி. பூத். புருஷன் போன பிறகு அதுதான் பிழைப்பு. துபாய்க்கும் பம்பாய்க்கும் பேசுகிறவர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அழுவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள். ஊருக்கெல்லாம் போன் வைத்திருப்பவளைக் கூப்பிட்டு ‘சாப்பிட்டியா’ என்று கேட்க ஒரு நாதி இல்லை. பிள்ளை இல்லாத வீடு. நாகர்கோவில் உறவெல்லாம் கல்யாணப் பத்திரிகையோடு சரி.

வேல்சாமி போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்காரன். மலையில் பிறந்தவன் எப்படியோ கோவளத்துக் கடலில் வந்து விழுந்தான். வெள்ளைக்காரர்களுக்குக் காற்றுச் சிலிண்டர் சுமக்கப் போய், அதை முதுகில் கட்டிக்கொண்டு கடலடியில் நீந்தப் பழகி, பரீட்சையும் எழுதி, இப்போது அதைச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை தயாராக இருந்தது. அந்த நாட்டு வேலை பெர்மிட் மட்டும் வர வேண்டும். அதைக் காட்டினால்தான் இங்கே எமிக்ரேஷன் ஆபீஸில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். இருபதாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருவனுக்கு. சொந்தமாக ஃபேக்ஸ் ஏது? பூத்தின் நம்பரைக் கொடுத்திருந்தான்.

இரண்டு மாதமாகத் தினமும் வந்து கேட்பான். ‘வரல்ல’ என்றதும் போய்விட மாட்டான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு டீ வாங்கி, ஒரு மணி நேரம் கடல் கதை பேசுவான்.

“தண்ணிக்கு அடியில பயமா இருக்காதாடே?” என்று ஒருநாள் கேட்டாள்.

“முத பாடமே ஒண்ணுதான்க்கா. மூச்சைப் பிடிச்சு வெக்கக் கூடாது. என்ன வந்தாலும் விட்டுட்டே இருக்கணும்.”

அந்த ஒரு மணி நேரம்தான் அவள் வாய் திறந்து பேசுகிற நேரம். அதனால்தான் அஞ்சாம் தேதி காலையில் மெஷின் கிறுகிறுவென்று அவன் பெயர் போட்ட காகிதத்தைத் துப்பியபோது, அவள் கை தன்பாட்டுக்கு டைரக்டரியைத் திறந்தது. ஒரே ஒரு நாள், நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். நாளைக்கு என்பதற்கு என்ன குறைச்சல், அது தினமும் வந்துகொண்டே இருந்தது.

“தேதி பதினாறு ஆச்சே மக்கா” என்றாள் இப்போது. குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்கவிடவில்லை. “ஒரு ஐ.எஸ்.டி. போட்டு அவங்ககிட்டயே கேப்பமா?”

கேட்டுவிட்டு, அவன் சரி என்று சொல்லிவிடுவானோ என்று நடுங்கினாள்.

“வேண்டாம்க்கா. சாரமில்ல, வரும்போது வரட்டும்.”

அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது. பிழைக்கப் போகிறவன் வாயில் மண்ணைப் போடுகிறாயே, நீ நல்லா இருப்பியா?

“ஊர்ல சொல்லியாச்சா, போறேன்னு?”

“யாருகிட்டச் சொல்ல? அப்பாவும் அம்மையும் போய்ச் சேந்தாச்சு.” அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “மலையை விட்டு இறங்குனப்பவே, போகாதடேன்னு சொல்ல ஒரு ஆளு இல்லக்கா.”

மறுநாள் நாலு மணிக்கு அவன் வாயைத் திறக்கும் முன்பே, சொர்ணம்மாள் டைரக்டரியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“அஞ்சாந்தேதியே வந்துட்டு. நாந்தான் ஒளிச்சு வெச்சேன்” என்றாள். “நீ போயிட்டா இந்தப் பூத்துல என்கிட்டப் பேச யாரு இருக்கா? அதாக்கும் காரணம். என்னை ஏசு, அடிக்கணும்னாலும் அடி. ஆனா இப்பமே எமிக்ரேஷன் ஆபீஸுக்கு ஓடு மக்கா. இன்னும் மூணு நாளு இருக்கு.”

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு மூச்சு விட்டதுபோல இருந்தது.

வேல்சாமி ஏசவில்லை. ஓடவும் இல்லை. தோள்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து விரித்து, அந்த ஃபேக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான். உள்ளே எமிக்ரேஷன் முத்திரை. தேதி பதிமூன்று. கூடவே நாளைக் காலை விமானத்துக்கு டிக்கெட்.

“ஒரிஜினல் பத்தாந்தேதியே என் ரூமுக்குத் தபால்ல வந்துட்டுக்கா. அஞ்சாந்தேதி ஃபேக்ஸும் அனுப்பியாச்சுன்னு அதுலயே எழுதியிருந்துச்சு.”

சொர்ணம்மாள் முத்திரையின் தேதியை இன்னொரு தரம் பார்த்தாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எல்லாம் தெரிஞ்சுமா தெனமும் வந்து என்கிட்டக் கேட்டே? எதுக்குடே?”

அவன் டைரக்டரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னைப் போகவிடாம ஒளிச்சு வெக்க உலகத்துல ஒரு ஆளு இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீங்க ‘வரல்ல மக்கா’ன்னு சொல்லுறதைக் கேக்கத்தான்க்கா தெனமும் வந்தேன்.”