எட்டாம் நாள் பேய்ப்படம்

"உனக்கென்ன விசரோடி? செத்தவீட்டில பேய்ப்படம் போட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறாய்!"

படையல் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய குணவதி கத்தினார். இறந்துபோன நவரட்ணத்தின் அக்கா. ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில் பெரிய வீடும் அதற்கேற்ற பெரிய குரலும் உள்ளவர்.

இன்று எட்டுச் செலவு, செத்தவருக்கு எட்டாம் நாள் படையல். உள்ளே நவரட்ணத்துக்குப் பிடித்த புட்டு, நண்டுக்கறி, கிளாசில் கொஞ்சம் விஸ்கி. புகை அலாரத்துக்குப் பொலித்தீன் பை கட்டிவிட்டுச் சாம்பிராணியும் போட்டாயிற்று. இறந்தவரின் ஆவி வந்து சாப்பிட்டு முடியும்வரை எல்லாரும் வெளியே அமைதியாக இருக்க வேண்டும். அதுதான் முறை.

நவரட்ணத்தின் மனைவி பாலேஸ்வரி அமைதியாகத்தான் இருந்தாள். டிவிதான், கீழே ஆங்கில எழுத்து ஓட, ஸ்பானிய மொழியில் அலறியது.

"உண்மையா நடந்த கதையாம் மச்சாள். தொடக்கத்திலயே எழுத்துப் போட்டவங்கள். செத்த மனுசன் திரும்ப வந்து, தன்ர கதிரையில இருந்தவராம். மனுசி கண்டதாம்."

"உண்மையாவது மண்ணாங்கட்டியாவது! செத்தவை திரும்பி வருவினமே? உது படம் ஓடுறதுக்குச் சொல்லுற புளுகு."

"அப்ப உள்ளுக்கு ஆருக்கு மச்சாள் நண்டுக்கறி வச்சனீங்கள்?"

சோபாவில் இருந்த சொந்தக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். குணவதிக்குக் கோபம்தான் தாராளமாக வந்தது.

"அது எங்கட முறை, இது கூத்து! இப்ப நிப்பாட்டுறியோ இல்லையோ? இல்லாட்டி எல்லாரும் வெளிக்கிடுறம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் ஒருத்தரும் இந்த வாசல் மிதிக்கமாட்டம். தனிய நிண்டு செய்!"

பிள்ளை குட்டி இல்லாத பாலேஸ்வரிக்கு ரொறன்ரோவில் இவர்களை விட்டால் வேறு நாதியில்லை. அது தெரிந்துதான் குணவதி அப்படிச் சொன்னார்.

பாலேஸ்வரி ரிமோட்டை எடுத்தாள். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

அவள் சத்தத்தைக் கூட்டினாள்.

"போறதெண்டால் போங்கோ மச்சாள். நான் நிப்பாட்டமாட்டன்."

"அப்பிடி என்னடி கிடக்கு உந்தப் படத்தில?"

பாலேஸ்வரியின் கண்கள் கலங்கிவிட்டன. ஆனாலும் அவள் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"எட்டு நாளா வந்த அவ்வளவு பேரும், 'அவர் இனி வரமாட்டார், மனசைத் தேற்று' எண்டுதான் சொன்னனீங்கள். வருவார் எண்டு சொல்லுறது இது ஒண்டுதான் மச்சாள்!"