நம்மாளு தனியா நிக்கணும்

"நம்மாளு தனியா நிக்கணும், டீச்சர். கூட ஒட்டிக்கிட்டு இருக்கறவங்களை ஒவ்வொருத்தரா கழட்டி விட்டுட்டா, அவன் யாருன்னு தானா தெரிஞ்சிடும்."

கரும்பலகை முன்னால் நின்று அந்தப் பெண் இப்படிச் சொன்னதும் மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். டியூஷன் டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

பலகையில் இருந்தது சாதாரணச் சமன்பாடுதான். 3x + 6 = 21. பெண் இரண்டு பக்கமும் ஆறைக் கழித்தாள், மூன்றால் வகுத்தாள், x = 5 என்று எழுதிவிட்டுக் கையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டாள். விடை சரி. ஆனால், 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும், மறுபேச்சு கிடையாது' என்பதுதான் டீச்சர் வீட்டு வேதவாக்கு. நம்மாளு, உங்காளு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

"எக்ஸை எதுக்குடி நம்மாளுங்கற? யாரு சொல்லிக் குடுத்தா?"

"சும்மா, வீட்ல காதுல விழுந்துச்சு டீச்சர்."

"வீட்ல யாரு பேசினா?"

பெண் காலால் தரையைத் தேய்த்தாள். "அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

இது போதாதா?

முந்தின நாள் காலையில் வீட்டில் சாவி காணாமல் போயிருந்தது. தேடும்போது டீச்சரின் கணவர், "மேஜை மேல கிடக்கறதை எல்லாம் ஒவ்வொண்ணா எடு, நம்மாளு தனியா மாட்டுவான்" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. அவர் சிமெண்ட் கிடங்கில் குமாஸ்தா. மூட்டையைத் தவிர எதைப் பற்றியும் பேசத் தெரியாதவர்.

அந்தப் பெண்ணின் அம்மாவோ அடுத்த தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். பார்க்க லட்சணமாக இருப்பாள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில்.

டீச்சர் கணக்குப் போட ஆரம்பித்தார். கொஞ்ச நாளாகவே, பிள்ளைகள் கலைந்ததும், "ஒரு நடை போயிட்டு வர்றேன்" என்று கணவர் கிளம்பிவிடுகிறார். நடக்கிறவருக்கு வியர்க்க வேண்டாமா? போன சட்டை மடிப்புக் கலையாமல் திரும்பி வருகிறது. தொப்பையும் இருந்த இடத்தை விட்டு அசையக் காணோம். போதாததற்குப் புதிதாக ஒரு கண்ணாடி. பேப்பரில் தலைப்புக்குக் கீழே இறங்காதவருக்குப் படிக்கிற கண்ணாடி எதற்கு? எல்லாவற்றையும் இந்தப் பக்கம் கூட்டி வைத்தால், சமக்குறிக்கு அந்தப் பக்கம் ஒரே விடைதான் நின்றது.

அன்று சாயங்காலம் மெதுவாகத் தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"என்னங்க, இன்னிக்கு நானும் உங்களோட நடக்க வர்றேனே."

"நீயா? உனக்கு முட்டி வலியாச்சே."

"போயிடுச்சு."

"இல்ல, நான் ரொம்ப வேகமா நடப்பேன். உனக்கு மூச்சு வாங்கும்."

மாடிப்படி ஏறினாலே பாதியில் நின்று சுவரைப் பிடிக்கிற மனுஷன் சொல்கிறார். சொல்லிவிட்டுத் தலையை வேறு வாரிக்கொண்டு போனார்.

அந்தப் பெண் தன் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் அழக் கூடாது, அழக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா, அல்லது அவரை வெளியே அனுப்புவதா என்பது வரைக்கும் யோசித்தாயிற்று.

கண்ணாடிக்கடைக்காரி வீட்டு வாசலில் கணவரின் செருப்பு. வீட்டில் ஆளுக்கொரு மூலையாக வீசுகிறவர், இங்கே ஜோடி சேர்த்து வைத்திருந்தார். அதுதான் இன்னும் வலித்தது.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கணவரின் குரல்.

"பயமாத்தான் இருக்குங்க. வீட்ல தெரிஞ்சா கொன்னுடுவா."

"நீங்க பயப்படறதாலதான் தப்பு பண்றீங்க" என்றது அவள் குரல்.

டீச்சர் குடையாலேயே கதவைத் தள்ளினார்.

கணவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி, மடியில் ஒரு சிலேட்டு. எதிரே கண்ணாடிக்கடைக்காரி சாக்பீஸும் கையுமாக நின்றிருந்தாள். சுவரில் சாய்த்திருந்த பலகையில் 5x − 4 = 31.

கணவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றார். "கிடங்குல மேனேஜர் வேலைக்குப் பரீட்சை வெக்கறாங்க. கணக்குப் பேப்பர் இருக்கு. பாஸ் பண்ணிட்டு சொல்லலாம்னு..."

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லித் தர்றவ வீட்ல இருக்கேன். என்கிட்ட கேட்க என்ன கேடு?"

"முதல்ல உன்கிட்டதானே கேட்டேன். ரெண்டாவது கணக்குலயே ஸ்கேலை எடுத்து அழ வெச்சுட்டியே."

டீச்சர் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கண்ணாடிக்கடைக்காரி பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"நானும் கணக்குதான் படிச்சேன் அக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்கூல்ல டீச்சரா இருந்தேன்."

"அப்ப உன் பொண்ணை எதுக்கு என்கிட்ட டியூஷனுக்கு அனுப்பற?"

கண்ணாடிக்கடைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சொல்லிக் குடுத்தா, உங்ககிட்ட உங்க வீட்டுக்காரர் அழுத மாதிரியே அவளும் அழறா அக்கா."