மூன்றாவது புலி

"அந்த மூணாவது புலி எப்பங்க டீச்சர் வரும்?"

குழாயடியில் கீரை அலசிக்கொண்டிருந்த ஜகதாம்பாள் நிமிர்ந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு செவ்வந்தி நின்றிருந்தாள். வாய்க்கால் கரையோடு ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையில் அவள் புருஷன் வீரையனின் போன்.

"புலியா? எந்தப் புலி? முதல்ல உள்ள வாம்மா. வெயில்ல நிக்காதே."

"போன்ல வர்ற புலிங்க. காட்டு விளையாட்டாம். மூணு புலி ஒரே வரிசையில வந்தா பணம் கொட்டுமாம். ரெண்டு வருது டீச்சர். மூணாவது மட்டும் வரவே மாட்டேங்குது."

வீரையன் அவளிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். கணக்கில் அடி வாங்கி வாங்கியே அவளிடம் ஒட்டிக்கொண்டவன். இன்றைக்கும் ஒரு மா வயலுக்கு எவ்வளவு உரம் என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் மூட்டையைப் பிரிப்பான்.

"எவ்வளவு விட்டான்?"

"குறுவை நெல்லு வித்த காசு பூராவும் போச்சுங்க. என் தோடு போச்சு. இப்ப..." செவ்வந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மூணு மா நெலத்துப் பத்திரத்தைத் தூக்கிக்கிட்டு அடகு வைக்கத் திருவையாத்துக்குப் போயிருக்காரு. அவசரத்துல போனை மறந்துட்டாரு. ரெண்டு மணி பஸ்ல பணத்தோட வந்துடுவாரு. வந்ததும் மொத்தத்தையும் புலி மேல வெச்சு விட்டதைப் பிடிக்கிறேன்னாரு. இருக்கிறதே அந்த மூணு மாதாங்க."

கூடத்துக் கடிகாரத்தில் இரண்டாகப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

"இதையெல்லாம் தடை பண்ணிட்டான்னு பேப்பர்ல போட்டானே!"

"வேற ஏதோ வழியா வருதுங்க."

ஜகதாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கினாள். தொட்டதும் பறையடிக்கிற மாதிரி ஒரு சத்தம். இலையும் குரங்கும் யானையுமாகத் திரை சுழன்று நின்றது. புலி, புலி, குரங்கு. திடீரென்று ஓர் உறுமல். இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

"ராத்திரி தூக்கத்துலகூட இந்தச் சத்தந்தாங்க கேக்குது எனக்கு."

"பேசாம இரு, படிக்கிறேன். யானை வந்தா ரெட்டிப்பு. மூணு புலி வந்தா பத்து சுத்து இலவசம். போனஸ் ஆயிரம் ரூபா சும்மா தரானாம்... இதோ பாரு, பொடி எழுத்துல. இந்த ஆயிரத்தை வெளியில எடுக்கணும்னா, நாப்பது மடங்குக்கு ஆடி முடிக்கணும். நாப்பதாயிரம்! நூத்துக்கு நாலு ரூபா அவன் பக்கம் போறதுன்னு வெச்சுண்டாக்கூட, ஆயிரத்தறுநூறு. ஆயிரத்தை வாங்க ஆயிரத்தறுநூறு கொடுக்கணும். அஞ்சாங்கிளாஸ் பையன் போடற கணக்கு!"

உள் அறையில் கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டு சத்தம் நின்றது.

"அப்ப மூணாவது புலி?"

"எப்பவாவது ஒரு தடவை வரும். மத்த நேரமெல்லாம் ரெண்டைக் காட்டிண்டே இருப்பான். இதோ வந்துடும்னு நெனச்சு ஆடறவன் எழுந்திருக்கமாட்டான் பாரு."

மகன் விஸ்வா அறை வாசலுக்கு வந்து நின்றான். சென்னையில் வேலை போனதிலிருந்து அவன் யாருக்கோ கம்ப்யூட்டரில் தமிழ்க் கட்டுரைகள் எழுதிக்கொடுக்கிறான். என்ன கட்டுரை என்று ஜகதாம்பாள் கேட்டதில்லை.

"அம்மா, அடுத்தவா விஷயம் உனக்கெதுக்கு? பிரஷர் ஏறப்போறது. சாப்பிட வா."

"ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வரப்போறதுடா. சாப்பாடு எங்கே இறங்கும்? உனக்கு ஏன் இப்படி வேர்க்கிறது? ஃபேனைப் போட்டுக்கோ, போ."

அவன் உள்ளே போய்விட்டான்.

"வீரையன் லேசுல எதுலயும் காலை விடமாட்டானே. யார் சொல்லி ஆரம்பிச்சான்?"

செவ்வந்தி கூடத்துச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். ஜகதாம்பாள் ஓய்வு பெற்ற அன்று சால்வையும் மாலையுமாக எடுத்தது. பிறகு தரையைப் பார்த்தாள்.

"அவரு ரொம்ப நம்புறவங்கதாங்க. நல்ல விளையாட்டு, போனஸெல்லாம் நியாயமா இருக்குன்னு போன்ல எழுதியிருந்தாங்க. அதைப் படிச்சிட்டுத்தான்..."

"எழுதின கை விளங்குமா? அந்த ஜென்மம் நன்னா இருக்குமா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க டீச்சர்!" செவ்வந்தி பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாய் வார்த்தை பலிச்சிடப்போவுது."

"ஏன், உனக்கு வேண்டியவாளா?"

தூரத்தில் மதகுத் திருப்பத்தில் பஸ் ஹாரன் கேட்டது. செவ்வந்தியின் பிடி இறுகியது.

"வந்துட்டாருங்க. வேணாம்டான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கால்ல விழுந்து பார்த்துட்டேன், நான் சொல்லிக் கேக்கலை. நீங்க சொன்னா விட்டுடுவாரு."

"சொல்றேன். ஆனா நான் சொன்னா மட்டும் எப்படிக் கேப்பான்? எழுதினவா பேச்சைத்தானே அவன் வேதவாக்கா எடுத்துண்டிருக்கான்!"

"அதனாலதாங்க டீச்சர் உங்ககிட்ட ஓடியாந்தேன்."

செவ்வந்தி போனை வாங்கி, விரலால் எதையோ தள்ளித் தேடி, திருப்பி நீட்டினாள்.

சால்வையும் மாலையுமாக ஜகதாம்பாளே திரையில் சிரித்தாள். கீழே எழுதியிருந்தது: 'முப்பத்து நாலு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், இந்தக் காட்டில் பயப்பட ஒன்றும் இல்லை. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். இப்படிக்கு, ஜகதா டீச்சர்.'

அவளுக்குப் பின்னால், விஸ்வாவின் அறைக்கதவு உள்பக்கம் தாழிடும் சத்தம் கேட்டது.