பெரிய பல்லுக்கு ரெண்டு டாலர்

“பல் தேவதை சரியான கஞ்சம்ப்பா. வெறும் ரெண்டு டாலர்தான் வெச்சிருக்கு,” என்று, காபி குடித்துக்கொண்டிருந்த அப்பா டேரலிடம் சிணுங்கியபடி வந்தாள் ஆறு வயது ஹேலி.

விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் இரவில் தேவதை வந்து அதை எடுத்துக்கொண்டு காசு வைக்கும் என்பது அவள் நம்பிக்கை. இரவு அவள் தலையணைக்கு அடியிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு பணம் வைத்த டேரல் சிரித்தான். “பக்கத்து வீட்ல ஒரு பல்லுக்கு ஒரு டாலர்தான் வெக்குதாம். இன்னும் என்னடி வேணும்?”

“இது பெரிய பல்லுப்பா. நாப்பது கிடைக்கும்னு நெனச்சேன்.”

“நாப்பதா? அதை வெச்சு என்ன பண்ணுவே?”

“பெரியம்மா ஊருக்கு பஸ் டிக்கெட் வாங்குவேன்.”

அடுப்பருகே நின்ற அவள் அம்மா லோரீன் திரும்பவில்லை.

“பலே கைகாரிதான். எங்கே, ஈ காட்டு. எந்தப் பல்லுன்னு பாப்போம்.”

ஹேலி காட்டினாள். ஒரு பல்லும் குறையவில்லை.

“என்னோடது இல்லப்பா. நேத்து நீங்க அடிச்சப்ப அம்மாவுக்கு விழுந்துச்சே, அது. டிக்கெட்டும் அம்மாவுக்குத்தான்.”

டேரல் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். எழுந்துபோய் வாசல் கதவைப் பூட்டினான்.