நாக்கு இல்லாத மணி

அந்தக் காலத்து எஜமானர் ஒருவரின் மாளிகையைக் கணவனும் மனைவியும் சுற்றிப் பார்த்தார்கள். சாப்பாட்டு அறையில் வழிகாட்டி ஒரு பித்தளை மணியைக் கையில் எடுத்தார்.

"இதை ஆட்டினா அடிமைங்க எங்க இருந்தாலும் ஓடி வரணும். இப்ப நாக்கு கழண்டு போச்சு, சத்தம் வராது."

ஆட்டிக் காட்டினார். சத்தம் வரவில்லைதான்.

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு வேணுங்க. இவ நான் கூப்பிட்டா காதுலயே போட்டுக்க மாட்டா," என்று சிரித்தபடி கணவன் திரும்பினான். மனைவி பக்கத்தில் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மேசையின் தலைப்பக்கம் இருந்த காலி நாற்காலிக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"வாம்மா, பஸ் போயிடும்." கையைப் பிடித்து இழுத்தான். ஆணி அடித்தாற்போல் நின்றாள்.

"நீங்க போங்க," என்றாள், நாற்காலிக்குக் கேட்காத குரலில். "அய்யா இன்னும் சாப்பிட்டு முடிக்கல."